டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

திருத்தணி இருப்புப்பாதை நிலையத்தில் விடியற்காலையில் சென்னை வண்டிக்காகக் காத்து நிற்பவரை உற்று நோக்கின், அவரை மூவகையினராகப் பிரித்தல் எளிது. அலுவலகம் செல்வோர் ஒரு வகையினர்; கல்லூரிக்குச் செல்லும் மாணவர் மற்றொரு வகையினர். மூன்றாம் வகையினரோ அதிகம் பேசார். பேசினும் பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் தணிந்த குரலிற் பேசுவர். அவர் கையில் ஒரு துணிப்பை இருக்கும். பைக்குள் மடித்து வைத்த மருத்துவச் சீட்டுகள் இருக்கும். அவருள் ஒருவரேனும் அடையாற்றுக்குச் செல்ல எங்கே இறங்கவேண்டும் என்று கேளாத நாள் அரிது. அங்ஙனம் கேட்போர்க்குப் பலகாலும் வழி சொல்லியிருக்கிறோம் யாம். ஆயினும், அவ்வழியை முதன்முதல் வகுத்தவர் யாவர் என்பதை நெடுநாள் எண்ணிப் பார்த்தோமில்லை. எம் இல்லத்துக்கே அவ்வழியிற் செல்லவேண்டிய காலம் வந்தபோதுதான் எண்ணத் தலைப்பட்டோம். அவ்வெண்ணத்தின் பயனே இக்கட்டுரை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், கல்வித்துறையில் உயர் பதவி வகித்தவர். தாயார் சந்திரம்மாள், ஆடலும் பாடலும் தொழிலாகக் கொண்டு கோயிற் பணிக்கு மகளிரை நேர்ந்துவிடும் வழக்கம் நிலவிய மரபில் தோன்றியவர். இவ்விருவரிடையே பிறந்த குழந்தையை அக்காலத்துச் சமுதாயம் எக்கண்கொண்டு நோக்கியிருக்கும் என்பதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெண் எழுத்தறிதலே பிழையென்று கருதப்பட்ட நாளில் அம்மையாரின் கல்வி பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது. மெட்ரிகுலேஷன் தேறிய பின்னர், 1904-ஆம் ஆண்டில், ஆடவர் மட்டுமே பயின்றுவந்த மகாராஜா கல்லூரியில் இடம் வேண்டினார். ஒரு பெண் வந்து அமர்வதால் மற்ற மாணவரின் ஒழுக்கங் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடமளிக்கச் செய்தார். அக்கல்லூரியிற் பயின்ற முதற் பெண்மணி அம்மையாரே.

1907-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். உடல் அத்துணை வலிமையுடையதன்று. ஈளைநோய் அடிக்கடி வருத்தும். ஆயினும் அறுவை மருத்துவம் முதலிய பாடங்களிற் சிறந்து பதக்கங்கள் பல பெற்று 1912-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். 1914-ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டி என்பாரை மணந்தார். கணவர் தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்னும் உடன்பாட்டின்மேல் நிகழ்ந்த திருமணம் அது. அவ்வுடன்பாட்டை அப்பெரியார் இறுதிவரை காத்தார் என்பதற்கு அம்மையாரின் பொதுவாழ்வே சான்று.

இனி, இவ்வாழ்க்கை வரலாற்றின் உயிர்நிலையாகிய நிகழ்ச்சிக்கு வருவோம்.

அம்மையாருக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள். தமக்கையின் அன்புக்கு உரியவளாய் வளர்ந்த அவ்விளம்பெண்ணுக்கு வயிற்றுக் கடுப்பும், சீதமும் குருதியும் கலந்த போக்கும் தோன்றின. சீதபேதி என்று கருதி அதற்குரிய மருந்துகளையே கொடுத்துவந்தனர். நோய் தணியவில்லை. காலம் கழிந்தபின் உண்மை வெளிப்பட்டது. அது சீதபேதியன்று, மலக்குடலில் தோன்றிய புற்றுநோய். அறுவையால் நீக்குதற்குரிய நிலையை அது கடந்துவிட்டிருந்தது. 1923-ஆம் ஆண்டில் அப்பெண் பெருந்துயருற்று உயிர் நீத்தாள். வீட்டிலோ மருத்துவர் இருவர்! தாமே மருத்துவராயிருந்தும், தம் கணவரும் மருத்துவராயிருந்தும், உடன்பிறந்தாள் உடலுள் நிகழ்ந்ததை உரிய காலத்தில் அறிய முடியாமற் போயிற்றே என்னும் வருத்தம் அம்மையார் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று.

மாணவ நண்பர்களே, ஈண்டுச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அப்பெண்ணைப் புற்றுநோய் கொன்றது உண்மை. ஆனால் அதற்குத் துணைநின்றது ஒரு மயக்கம். தீய நோயும் தீங்கற்ற நோயும் ஒரே வேடம் பூண்டு வருகின்றன. குருதியுஞ் சீதமும் பேதியிலும் உண்டு, புற்றிலும் உண்டு. வயிற்றெரிச்சலும் பசியின்மையும் சாதாரண இரைப்பைப் புண்ணிலும் உண்டு, இரைப்பைப் புற்றிலும் உண்டு. வெளியில் நின்று பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. உள்ளே புகுந்து பார்ப்பவர்க்கே வேறுபாடு புலப்படும். இவ்வேறுபாட்டை அறிதற்கு மானிடர் பட்ட பாடே சென்ற நூற்றைம்பது ஆண்டுகளின் மருத்துவ வரலாற்றில் ஒரு பெரும் பகுதி.

தங்கையின் மறைவுக்குப்பின் அம்மையார் 1925-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று மகளிர் நோய், குழந்தைகள் நோய் ஆகியவற்றில் மேற்பயிற்சி பெற்றார். 1926-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடைபெற்ற அனைத்துலக மகளிர் மாநாட்டிற் கலந்துகொண்டார். தாயகம் திரும்பியதும் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமனம் பெற்று, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடுத்த போர் நாடறிந்தது. 1930-ஆம் ஆண்டில் காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். பதவி போயினும் பணி போகவில்லை. திக்கற்ற பெண்களுக்கென அவ்வை இல்லத்தை நிறுவினார். அவர் வேண்டிய சட்டம் 1947-ஆம் ஆண்டில் முழுவடிவிற் பிறந்தது.

இத்தனை பணிகளுக்கிடையே தங்கையை அவர் மறந்தாரா? மறந்திலர். 1935-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரி தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியபோது, புற்றுநோய்க்கென்று ஒரு தனி மருத்துவமனை அமைதல் வேண்டும் என்னும் தம் உள்ளக் கிடக்கையை அம்மையார் அறிவித்தார். அதைக் கேட்டோர் பலர். கைகொடுத்தோர் மிகச் சிலர். புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறப்பவரே, அவர்க்கெனப் பொருளைச் செலவிடுதல் ஆற்றிற் கரைத்த புளியாகும் என்னும் எண்ணம் ஆட்சியாளரிடத்தும், ஏன், மருத்துவரிடத்துமே வேரூன்றியிருந்தது. அம்மையாரின் கருத்தோ இதற்கு நேர்மாறானது. வருவோரெல்லாம் முற்றிய நிலையில் வருதலாலேயே எல்லாரும் இறக்கின்றனர். முன்னரே கண்டால் பலர் பிழைப்பர். முன்னரே காண்பதற்கு ஓரிடம் வேண்டும். இதுவே அவர் துணிபு.

அவர் இங்கே காத்திருந்த ஆண்டுகளில் கடல்களுக்கப்பால் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. இரைப்பைக்குள் கண்ணைச் செலுத்துவது எப்படி என்பதே அது. 1868-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் என்பார், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைக் கொண்டு, வளையாத உலோகக் குழாயொன்றை அவர் வாய்வழியே இரைப்பைக்குட் செலுத்திப் பார்த்தார். குழாய் இறங்கிற்று, ஆனால் போதிய வெளிச்சமில்லை. அறுபதாண்டுகளுக்கு மேற் கழிந்தபின், 1932-ஆம் ஆண்டில், ருடால்ஃப் ஷிண்ட்லர் என்னும் மருத்துவர், கருவி வல்லார் கியோர்க் வுல்ஃப் என்பாரின் துணைகொண்டு ஓரளவு வளையக்கூடிய அகநோக்கியை அமைத்தார். யூதக் குருதி உடையவர் என்பதனால் நாஜி ஆட்சியிற் சிறைப்பட்டு, 1934-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று சிகாகோவில் தம் கலையைப் பரப்பினார்.

இவர் 1888-ஆம் ஆண்டிற் பிறந்தவர். எம் ஊராகிய திருத்தணியிற் பிறந்து, வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்த ஆண்டும் அதுவே. ஒரு தலைமுறை உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்து ஒரே நூற்றாண்டைச் செதுக்கிய விந்தையை எண்ணி வியக்கிறோம்.

மீண்டும் சென்னைக்கு வருவோம். 1949-ஆம் ஆண்டில் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. அறுபது வயதைக் கடந்த அம்மையார் பொருள் வேண்டி வீடுதோறும் ஏறி இறங்கினார். 1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் மருத்துவமனை பிறந்தது. மாளிகை என்று எண்ணிவிடாதீர்கள். பன்னிரண்டு படுக்கைகள், எளிய சிறு கட்டடம். அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி தொடக்கமுதல் அதைத் தாங்கி நின்றார். 1955-ஆம் ஆண்டில் இளைஞராகிய டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அரசுப் பணியை விடுத்து வந்த அவர், 2021-ஆம் ஆண்டில் இறக்குமளவும் அவ்விடத்தை நீங்கினாரில்லை.

அம்மருத்துவமனை தோன்றிய நாளில் எம் திருத்தணி சென்னை மாநிலத்திலேயே இல்லை என்பது நினைவு கூரத்தக்கது. 1953-ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அதுவும் சென்றது. எல்லைப் போராட்டத்தின் பின் 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மீண்டு வந்தது. மக்கள் எல்லைக்காகப் பூசலிட்ட அந்நாளிலும் நோய் எல்லை பார்க்கவில்லை; அடையாற்றின் வாயிலும் எல்லை பார்க்கவில்லை. தமிழரும் தெலுங்கரும் ஒரே விசிப்பலகையில் அமர்ந்து தம் முறைக்காகக் காத்திருக்கும் காட்சியை இன்றும் ஆங்குக் காணலாம்.

அம்மையாரின் கனவு கட்டடமாக எழுந்த அதே பத்தாண்டில் அகநோக்கியும் புதுப்பிறவி எடுத்தது. 1950-ஆம் ஆண்டில் ஜப்பானியர், நுனியில் மிகச் சிறிய ஒளிப்படக் கருவி பொருத்திய குழாயை இரைப்பைக்குட் செலுத்திப் படமெடுத்தனர். 1957-ஆம் ஆண்டில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்பார், ஒளியைக் கடத்தும் நுண்ணிய கண்ணாடி இழைகளாலாகிய, பாம்பெனத் துவளும் அகநோக்கியை அமைத்து, அதை முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். இரைப்பைப் புற்று மிகுந்திருந்த ஜப்பான் நாட்டினர் இக்கலையைத் தம் உயிர்க்காப்பாகக் கொண்டனர். தொடக்கநிலை இரைப்பைப் புற்று என்பது யாது என்று 1962-ஆம் ஆண்டில் அவர்கள் வரையறுத்தனர். இரைப்பையின் சுவர் பல அடுக்குகளையுடையது. உட்புறத்தில் மென்மையான சளிச்சவ்வு. அதனடியில் ஒரு மெல்லிய அடுக்கு. அதற்கும் அப்பால் தடித்த தசை. புற்று முதலிரண்டு அடுக்குகளைக் கடவாதிருப்பின் அது தொடக்கநிலை. அந்நிலையிற் கண்டு நீக்கினால், பத்துப்பேரில் ஒன்பதின்மருக்கு மேல் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருத்தலை ஜப்பானியர் அனுபவம் காட்டுகின்றது. தசையைத் துளைத்துக் கடந்தபின் காண்பதோ, வெள்ளம் வந்தபின் அணைகோலுவது போன்றது.

ஆனால் தொடக்கநிலைப் புற்றைக் காண்பது எளிதன்று. அது பெரிய கட்டியாய்த் துருத்தி நில்லாது. சிறிதே சிவந்த ஓர் இடம். சிறிதே பள்ளமான ஒரு திட்டு. சில வேளை ஒரு சிறு மேடு. சாதாரண அழற்சியும் இங்ஙனமே தோன்றும். பாலிப் எனப்படும் சிறு தசைவளர்ச்சிகளுட் பெரும்பாலன தீங்கற்றவை. சிலவோ பின்னாளிற் புற்றாக மாறுந் தன்மையன. வெண்ணிற ஒளியில் இவையனைத்தும் ஒன்றுபோலவே காணும். தங்கையைக் கொன்ற அதே மயக்கம், இப்பொழுது இரைப்பையின் உள்ளேயே வந்து நிற்கின்றது என்க.

இம்மயக்கத்தைத் தீர்க்க முதலிற் கைக்கொண்ட வழி நீலச் சாயம் தெளித்தல். சாயம் பள்ளங்களிற் தேங்கி மேடுபள்ளங்களைப் பிரித்துக் காட்டும். அடுத்து வந்தது, இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் பரவிய குறுகிய ஒளிப்பட்டை முறை. இதன் உட்பொருள் எளியது. வெண்ணிற ஒளியில் எல்லா நிறமும் கலந்துள்ளன. அவற்றுள் 415 நானோமீட்டர் அளவினதாகிய நீல ஒளியையும் 540 நானோமீட்டர் அளவினதாகிய பச்சை ஒளியையும் மட்டும் தேர்ந்து இரைப்பைமேற் பாய்ச்சுவர். குருதியின் செந்நிறப் பொருள் இவ்விரண்டையும் நன்கு உறிஞ்சும் இயல்பினது. நீல ஒளி ஆழச் செல்லாமையால் மேற்பரப்பிலுள்ள நுண்குழல்கள் பழுப்பு நிறமாகவும், சற்று ஆழச் செல்லும் பச்சை ஒளியால் அடியிலுள்ள குழல்கள் நீலப்பச்சை நிறமாகவும் திரையில் தோன்றும். இதனோடு உருப்பெருக்கும் வில்லையையும் சேர்த்து ஏறத்தாழ எண்பது மடங்கு பெருக்கிக் காணின், மயிரினும் மெல்லிய குருதிக்குழல்களின் ஓவியம் முழுவதும் கண்முன் விரியும்.

நலமுடைய இரைப்பையின் நடுப்பகுதியில் இக்குழல்கள் தேன்கூட்டின் அறைகளைப்போல் ஒழுங்காகப் பின்னிக் கிடக்கும். தீங்கற்ற வளர்ச்சியில் குழல்கள் பருத்தோ நீண்டோ இருப்பினும் அவ்வொழுங்கு பெரும்பாலும் கெடாது. புற்று தோன்றிய இடத்திலோ, வயலில் வரப்பிட்டாற்போல ஓர் எல்லைக்கோடு தோன்றும். அக்கோட்டுக்குள் குழல்கள் திசைமாறி, வடிவுமாறி, ஒன்றோடொன்று ஒவ்வாமற் கிடக்கும். அன்றேல் மேற்பரப்பின் நுண்வரிகள் சிதைந்து தோன்றும். ஆகவே மருத்துவர் வினவுவன இரண்டே. எல்லைக்கோடு உண்டா? உண்டெனில், அதனுள் ஒழுங்கு கெட்டதா? கோடு இல்லையெனில் அது பெரும்பாலும் புற்றன்று. கோடும் உண்டு, ஒழுங்கும் கெட்டது எனில் புற்றென்றே ஐயுறுவர். ஐயத்துக்குரிய இடத்தினின்று ஒரு சிறு துணுக்கைக் கிள்ளியெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்த பின்னரே முடிவு கூறுவர். ஒளி வழிகாட்டும், தீர்ப்புக் கூறுவது அத்துணுக்கே. எவ்விடத்திற் கிள்ளவேண்டும் என்பதை ஒளி காட்டாவிடின், துணுக்கும் பொய்ச்சான்று கூறக்கூடும் அன்றோ?

தொடக்கநிலை எனத் தெளிந்தால், வயிற்றைக் கீறாமலே, அகநோக்கியின் வழியே நுண்கத்தியைச் செலுத்தி, நோயுற்ற சவ்வை மட்டும் அடியோடு அகழ்ந்தெடுக்கும் முறையும் இன்று உண்டு. எல்லார்க்கும் அது பொருந்தாது; நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவியிருக்கக்கூடும் எனத் தோன்றின் அறுவையே தக்கது.

இவற்றையெல்லாம் யாம் நூல்களிற் படித்தது பின்னர். வீட்டிற் கண்டதே முன்னர். திருத்தணியை அடுத்த சிற்றூரில் வாழ்ந்த எம் தாய்மாமனார்க்கு வயிற்றெரிச்சல் வந்தது. காரம் மிகுதியாயிற்று என்றார், சோடா குடித்தார், கடையிற் கிடைத்த மாத்திரைகளை விழுங்கினார், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தால் தீரும் என்றார் அண்டை வீட்டார். காவடியும் எடுத்தார். பத்து மாதம் கழிந்தது. உடல் மெலிந்து வேட்டி இடுப்பில் நில்லாத நிலையிற்றான் குழாய் விட்டுப் பார்க்க இசைந்தார். பார்த்தபோது காலங் கடந்திருந்தது. இதில் யாரைக் குறை கூறுவது? அம்மையாரின் இல்லத்தில் மருத்துவர் இருவர் இருந்தும் தப்பிய நோய், மருத்துவரே இல்லாத எம் இல்லத்தில் தப்பியது வியப்பன்று.

மாமனார் மறைந்த மறு ஆண்டில் எம் அன்னையார்க்கும் அதே எரிச்சல் தோன்றியது. எம் இல்லத்தில் எவரும் உறங்கவில்லை. இம்முறை காலந்தாழ்த்தாது சென்னைக்கு அழைத்துச் சென்றோம். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு வளர்ச்சி இருந்தது. அதைக் கேட்டதும் அன்னையார் எம் கையைப் பற்றிக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. மருத்துவர் ஒளியை மாற்றினார், பெருக்கிப் பார்த்தார், திரையிற் குழல்கள் பழுப்பு நிறத்தில் ஒழுங்காக ஓடின, எல்லைக்கோடு காணப்படவில்லை. துணுக்கெடுத்து அனுப்பினர். ஒரு வாரம் கழிந்தது. தீங்கற்ற வளர்ச்சியே என்று முடிவு வந்தது. இரைப்பையில் வாழும் ஒருவகைக் கிருமியே அழற்சிக்குக் காரணம் எனக் கண்டு அதற்கு மருந்தளித்தனர். அன்னையார் இன்றும் நலமாயுள்ளார். தீயதைத் தீயதென்று அறிதல் எத்துணைப் பெரிதோ, தீதற்றதைத் தீதற்றதென்று அறிந்து அஞ்சாதிருத்தலும் அத்துணைப் பெரிது என்பதை அவ்வொரு வாரத்திற் கற்றோம்.

அக்கிருமியைப் பற்றியும் ஒரு சொல். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அதன் பெயர். ஆஸ்திரேலிய மருத்துவராகிய பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பைப் புண்ணுக்கு அதுவே காரணம் என நிறுவினர். உலகம் நம்பாமையால், 1984-ஆம் ஆண்டில் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே பருகி நோயுற்றுக் காட்டினார். 2005-ஆம் ஆண்டில் இருவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. 1994-ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அக்கிருமியைப் புற்று விளைப்பனவற்றின் முதற்பட்டியலிற் சேர்த்தது. கிருமியுடையார் எல்லார்க்கும் புற்று வருவதில்லை. மிகச் சிலர்க்கே வரும். புகையும் மிகுந்த உப்பும் அதற்குத் துணைசெய்வன.

இந்நோய் ஜப்பானியர்க்கே உரியது என்று நாம் வாளாவிருத்தற்கில்லை. அம்மையாரின் மருத்துவமனை 1980-களின் தொடக்கத்திற் சென்னை நகரின் புற்றுநோயாளர் கணக்கைப் பதிவு செய்யும் பணியைத் தொடங்கிற்று. அப்பதிவேடு வெளிப்படுத்திய உண்மைகளுள் ஒன்று, சென்னை ஆடவரிடையே முன்னணியில் நின்ற புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றும் ஒன்று என்பது. ஆகவே, வாரக்கணக்கில் தணியாத எரிச்சல், காரணமில்லாத மெலிவு, உணவு விழுங்குதலில் இடர், ஓயாத வாந்தி, கருநிறமான மலம், குருதிச்சோகை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் கடையில் மாத்திரை வாங்கி நாளைக் கழித்தல் கூடாது. குழாய் விட்டுப் பார்த்தல் சில நிமிடங்களிலேயே முடியும் செயல். அச்சம் அதைவிட நெடியது.

அம்மையாரின் இறுதி நாட்களைக் கூறி முடிப்போம். 1956-ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. விருதினும் அவருக்கு மகிழ்வளித்தது மருத்துவமனையின் வளர்ச்சியே. கோபால்ட் கதிர் மருத்துவம் அந்நாட்களில் அங்கு வந்தது. குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு தோன்றியது. நோயுற்றுப் பிழைத்து வீடு திரும்புவோர் தொகை பெருகக் கண்டார். 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாட்களே இருந்தபோது, உலக வாழ்வை நீத்தார். இரைப்பைக்குள் ஒளிபாய்ச்சிய ஷிண்ட்லரும் அதே ஆண்டிற் காலமானார். ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் இருவரும் ஒரே இருளோடு போரிட்டவர்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களிற் கருவுற்ற ஏழைப் பெண்களுக்கு அரசு வழங்கும் உதவித்தொகை அம்மையாரின் பெயரையே தாங்கியுள்ளது. எம் ஊர்ப் பெண்கள் அப்பெயரை அதன் வழியே அறிவர். ஆனால் ஒரு தங்கையின் மரணமே அடையாற்று மருத்துவமனைக்கு வித்தாயிற்று என்பதை அறிந்தோர் சிலரே. துயரம் எல்லார்க்கும் வரும். பலர் அதைக் கண்ணீராற் கழுவி மறப்பர். சிலர் பிறர்மேற் சினமாக மாற்றுவர். அம்மையாரோ முப்பத்தோராண்டுகள் அதைப் பொத்திக் காத்து, பிறர் வீட்டுத் தங்கையர் பிழைக்கும் வழியாக மாற்றினார்.

மருத்துவம் பயில இருக்கும் மாணவர்க்கு யாம் கூறுவது ஒன்றே. வயிற்றுவலி என்று வருபவரை அனுப்பிவிடுமுன், இது வேறொன்றாக இருக்கலாமோ என்று ஒருமுறை ஐயுறுங்கள். மற்றையோர்க்குக் கூறுவதும் ஒன்றே. நாளை விடியலில் திருத்தணி நிலையத்தில், துணிப்பையுடன் ஒருவர் அடையாற்றுக்கு வழி கேட்டால், நிதானமாக வழி சொல்லுங்கள். கூடுமாயின் உடன் சென்று விட்டு வாருங்கள்.